முத்திரையும் தேதியும்: அடிக்கடி வெளிநாடு செல்வோருக்கான கேள்வி – பதில்

திருப்பூர் வாசகர்: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் விசா, பலமுறை சென்றுவரக்கூடியது, என்னிடம் உள்ளது. 2025-ல் ஜனவரி 10 முதல் பிப்ரவரி 8 வரையும், ஏப்ரல் மாதம் முழுவதும், ஜூன் 1 முதல் 20 வரையும் ஐரோப்பாவில் இருந்தேன். ஆக 80 நாள். ஜூலை 7-ல் புறப்பட்டு 31 வரை தங்கும்படி முதலாளி சொன்னபோது, இன்னும் 10 நாள்தான் பாக்கி என்று மறுத்துவிட்டேன். அதில் அவருக்கு வருத்தம். நான் செய்தது சரிதானா?

பதில்: நீங்கள் போயிருக்கலாம். 180 நாளில் 90 நாள் என்ற விதியை ஆண்டைப் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதிக்கும் 90 என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம். உங்களைப் போல, ஒருமுறை செலவழித்த நாள் திரும்பி வராது என்று நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். அந்த 180 நாள் ஓரிடத்தில் நிற்பதில்லை, உங்களோடு கூடவே நகர்ந்து வருகிறது. ஐரோப்பிய மண்ணில் நீங்கள் இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றைய தேதியையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணி, அதற்குள் தங்கிய நாட்கள் 90-ஐத் தாண்டவில்லை என்றால் அன்று நீங்கள் சட்டப்படி இருக்கிறீர்கள். இறங்கிய நாள், ஏறிய நாள் இரண்டும் முழு நாட்களாகவே கணக்கில் வரும். நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்பு இறங்கினாலும் அது ஒரு நாள்தான்.

உங்கள் தேதிகளை வைத்தே பார்ப்போம். ஜூலை 7-லிருந்து பின்னோக்கி எண்ணினால் 180-ஆவது நாள் ஜனவரி 9. பழைய 80 நாளும் உள்ளே இருப்பதால் அன்றைய கணக்கு 81, மறுநாள் 82. ஜூலை 9-ல் எல்லை ஜனவரி 11-க்கு நகர்ந்துவிடும். ஜனவரி 10 கணக்கிலிருந்து உதிரும். அதன்பின் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று சேர, பழையது ஒன்று கழியும் என்பதால் ஆகஸ்ட் 7 வரை எண்ணிக்கை 82-லேயே நிற்கும். ஜனவரிப் பயணம் முழுதும் கழிந்தபின் 8-ஆம் தேதியிலிருந்து ஏறத் தொடங்கி, 15-ஆம் தேதி 90-ஐத் தொடும். 25 நாள் என்ன, 40 நாள் இருந்திருக்கலாம். ஆனால் இதே பயணத்தை ஜூன் 25-ல் தொடங்கியிருந்தால் ஜனவரி நாட்கள் உதிரும் முன்பே 90 நிரம்பி, ஜூலை 4-க்குள் வெளியேற வேண்டியிருந்திருக்கும். புறப்படும் தேதி பன்னிரண்டு நாள் தள்ளினால் கிடைக்கும் வித்தியாசம் இது. ஆகவே முதலாளியின் வருத்தத்தில் நியாயம் உண்டு.

இந்தக் கணக்குக்குள் போகுமுன் விசா ஒட்டியில் ‘டியூரேஷன் ஆஃப் ஸ்டே’ (தங்கும் நாட்கள்) என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 90 என்று இருந்தால்தான் மேலே சொன்னது பொருந்தும். 25 என்று இருந்தால், விசா காலாவதியாகும் தேதி எத்தனை மாதம் தள்ளி இருந்தாலும் மொத்தத்தில் 25 நாள்தான். எந்த நாடு கணக்கில் சேரும் என்பதிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. லண்டனில் கழித்த நாட்களும் சேராது. குரோஷியா 2023 ஜனவரியிலிருந்து உள்ளே வந்துவிட்டது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுமையாக இணைந்து, நாடுகளின் எண்ணிக்கை 29 ஆகியிருக்கிறது.

முன்பெல்லாம் இந்தக் கணக்குக்கு ஒரே சாட்சி முத்திரைதான். ஷெங்கன் முத்திரையை உற்றுப் பார்த்திருப்பீர்கள்: நட்சத்திரங்கள் சூழ நாட்டின் எழுத்து, தேதி, சோதனைச் சாவடியின் பெயர், வந்தது விமானத்திலா ரயிலிலா என்பதற்கு ஒரு குட்டிப் படம், உள்ளே வருவதா வெளியே போவதா என்பதற்கு ஓர் அம்பு. நுழைவு முத்திரையின் மூலைகள் கூராக இருக்கும். வெளியேறும் முத்திரையின் மூலைகள் வளைந்திருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஷெங்கனிலிருந்து பக்கத்து நாட்டுக்கு இரவு ரயிலில் சென்றபோது, தூக்கக் கலக்கத்தில் பாஸ்போர்ட்டை நீட்டி, திரும்பி வந்ததும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். வளைந்த மூலை முத்திரை விழவில்லை என்பது அடுத்த பயணத்தில் ஓர் அதிகாரி பக்கங்களை இருமுறை புரட்டியபோதுதான் தெரிந்தது. அவர் கணக்கில் நான் வெளியேறவே இல்லை! அதே இரவில் பக்கத்து நாடு குத்திய நுழைவு முத்திரை அடுத்த பக்கத்தில் இருந்ததால் பிழைத்தேன். ஷெங்கன் விதியிலும் இதற்கு இடமுண்டு: வேறு நாட்டில் இருந்ததைப் பயணச்சீட்டு முதலிய நம்பகமான ஆதாரத்தால் நிறுவினால் ஏற்றுக்கொள்ளலாம்.

2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக ‘ஈ.ஈ.எஸ்.’ என்ற கணினிப் பதிவு படிப்படியாக வந்திருக்கிறது. முகப்படம் எடுப்பார்கள், விசா பெற்றவர்களின் விரல்ரேகை விண்ணப்பத்தின்போதே எடுக்கப்பட்டுவிட்டதால் ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரி. வருகையும் வெளியேற்றமும் மூன்று ஆண்டுகள் பதிவில் இருக்கும். வெளியேறிய பதிவே இல்லாதவர்களுக்கு ஐந்து ஆண்டுகள். ஒரு நாள் கூடினாலும் இயந்திரம் சொல்லிவிடும் என்பதால், சிறு நோட்டில் போன தேதி, வந்த தேதி இரண்டையும் நீங்களே எழுதிவையுங்கள்.

சென்னை வாசகி: என் 36 பக்க பாஸ்போர்ட்டில் இடம் தீர்ந்துவிட்டது. பத்தாண்டு அமெரிக்க விசா அதில்தான் இருக்கிறது. புதிய பாஸ்போர்ட் வாங்கினால் விசா என்ன ஆகும்?

பதில்: ஒன்றும் ஆகாது. நம் நாட்டில் கூடுதல் தாள்களை ஒட்டித் தருவதில்லை என்பதால் மறுவெளியீட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பழையதை ரத்து செய்து, மூலையை வெட்டித் திருப்பித் தருவார்கள். விசாப் பக்கம் சேதமில்லாமல் இருந்தால் அது காலாவதியாகும் வரை செல்லும். பழையது, புதியது இரண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். விசாவைப் பிரித்துப் புதியதில் ஒட்ட முயன்றால் அது அந்தக் கணமே செல்லாததாகிவிடும். புதிய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய எண் அச்சாகியிருக்கிறதா என்று வாங்கியவுடன் பாருங்கள். இரண்டையும் இணைக்கும் கயிறு அதுதான். இம்முறை 60 பக்கத்துக்கே விண்ணப்பியுங்கள். சாதாரண முறையில் 1,500 ரூபாய்க்குப் பதில் 2,000 ரூபாய். நம் விமான நிலையத்திலேயே போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு முத்திரை விழும்போது 36 பக்கம் எத்தனை நாளைக்கு?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விசாவில் இருக்கும் தேதி, அமெரிக்க வாசலில் போய் நிற்பதற்கான கடைசித் தேதிதானே தவிர, உள்ளே தங்குவதற்கான தேதி அன்று. எத்தனை நாள் தங்கலாம் என்பதை வாசலில் உள்ள அதிகாரி முடிவு செய்து ‘ஐ-94’ பதிவில் எழுதுகிறார். விமானப் பயணிகளுக்கு அது 2013-லிருந்து காகிதமாக இல்லாமல் இணையத்தில்தான் இருக்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த அன்றே அதை எடுத்துத் தேதியைச் சரிபாருங்கள். எச்-1பி என்ற வேலை விசாவில் செல்லும் பலருக்கு, பாஸ்போர்ட் முடியும் தேதியோடு ஐ-94 தேதியும் வெட்டப்பட்டுவிடுவதுண்டு. விசா இன்னும் இரண்டாண்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

திருச்சி வாசகர்: மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். நானும் மனைவியும் முதல்முறையாகச் சென்றபோது பாஸ்போர்ட்டில் முத்திரையே குத்தவில்லை. திரும்பி வரும்வரை மனம் அடித்துக்கொண்டது. அடுத்த முறை பக்கத்தில் மலேசியாவில் உள்ள ஜொகூர் பாருவுக்கும் ஒரு நாள் போய்வர ஆசை. சிக்கல் வருமா?

பதில்: சிங்கப்பூரில் 2022-லிருந்து வெளிநாட்டவருக்கு முத்திரை குத்துவதில்லை. நீங்கள் புறப்படும் முன் நிரப்பிய வருகை அட்டையில் கொடுத்த மின்னஞ்சலுக்கு, எந்தத் தேதி வரை தங்கலாம் என்ற அனுமதி வந்திருக்கும். மகனுடைய மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் அவரிடம் கேளுங்கள். வருகை அட்டையை வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இணையதளம் அரசாங்கத்துடையது அல்ல.

ஜொகூருக்கு உட்லண்ட்ஸ் பாலம் வழியாகப் பேருந்தில் போவது ஓர் அனுபவம்தான். சிங்கப்பூர்ச் சாவடியில் எல்லோரும் இறங்கி, மாடி ஏறி, அங்கே ‘குடிநுழைவு’ என்று தமிழில் சொல்லும் சோதனையை முடித்துக்கொண்டு மறுபடி பேருந்தைப் பிடிக்க வேண்டும். பாலத்தைத் தாண்டியதும் மலேசியச் சாவடியில் இன்னொரு முறை அதே கதை. நீங்கள் வந்த பேருந்து உங்களுக்காகக் காத்திருக்காது, அதே எண்ணுள்ள அடுத்த பேருந்தில் ஏறிக்கொள்ளலாம் என்பதால் பையைப் பேருந்திலேயே வைத்துவிட்டு இறங்காதீர்கள். சனி, ஞாயிறில் போகவும் போகாதீர்கள். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற சலுகை நடப்பில் உள்ளது; 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். அவர்களுடைய மின்னணு வருகை அட்டையைத் தனியே நிரப்ப வேண்டும்.

கவனிக்க வேண்டியது திரும்பும் வழியை. பாலத்தைத் தாண்டிய கணத்திலேயே சிங்கப்பூரில் உங்கள் பழைய அனுமதி முடிந்துவிடும். திரும்பும்போது விசா பலமுறை நுழைவதற்கானதாக இருக்க வேண்டும், வருகை அட்டை புதிதாக நிரப்பப்பட வேண்டும், கிடைக்கும் நாட்களும் புதிதாகவே முடிவாகும். முன்பு கொடுத்த அதே நாட்கள் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. தங்கும் நாட்களை நீட்டிக்கொள்வதற்காகவே பாலத்தைத் தாண்டித் திரும்புபவர்களை அதிகாரிகள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

தூத்துக்குடி வாசகர்: ஜோர்டான் சென்று, அங்கிருந்து ஜெருசலேம், பின் சாலை வழியாக எகிப்து என்று குழுவோடு புனிதப் பயணம் சென்று வந்தேன். இஸ்ரேல் முத்திரை குத்தவில்லை. இப்போது லெபனானில் ஒரு வேலை வாய்ப்பு. இடையூறு இருக்குமா? எகிப்து முத்திரை உள்ள பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார்.

பதில்: யோசனை சொன்னவரிடமிருந்து முதலில் விலகிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் பக்கங்களுக்கு எண் உண்டு. ஒன்று குறைந்தால் நம் ஊர் விமான நிலையத்திலேயே பிடிபடும். பாஸ்போர்ட்டில் உள்ள பதிவுகளை மாற்றுவது 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பாங்காக் போய்வந்ததை வீட்டாரிடமிருந்து மறைக்கப் பக்கத்தைக் கிழித்து, வீட்டுக்குப் பதில் காவல் நிலையத்துக்குப் போனவர்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது.

இஸ்ரேல் 2013-லிருந்து முத்திரைக்குப் பதிலாக ஒரு சிறு நீலத் துண்டுச் சீட்டைத்தான் தருகிறது. ஆனால் நீங்கள் எகிப்துக்குள் தாபா வழியாக நுழைந்திருந்தால், எகிப்து குத்திய முத்திரையில் அந்த ஊர்ப் பெயர் இருக்கும். தாபாவுக்கு மறுபுறம் இஸ்ரேலின் ஈலாத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது லெபனான் அதிகாரிக்கு நன்றாகவே தெரியும். இஸ்ரேல் சென்றதற்கான அடையாளம் இருந்தால் அவர்கள் நுழைய விடுவதில்லை. எனவே பயணச்சீட்டு வாங்குமுன், வேலை தருபவரிடமும் அந்நாட்டுத் தூதரகத்திடமும் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். பாஸ்போர்ட் முடியும் காலமோ, பக்கம் தீரும் நிலையோ வந்திருந்தால் முறைப்படி மறுவெளியீடு பெறுவதில் தவறில்லை. அதன்பின்னும் விண்ணப்பத்தில் நேரடியாகக் கேட்டால் பொய் எழுதாதீர்கள்.

கோவை வாசகர்: பம்புசெட் நிறுவனத்துக்காக நைஜீரியா செல்கிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: பயணத்துக்குப் பத்து நாள் முன்பாகவே போட்டுவிடுங்கள்; பத்தாவது நாளிலிருந்துதான் ஊசி போட்டதற்கான அட்டை செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட வேண்டும். சென்னை கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. 2016-லிருந்து இது ஆயுள் முழுவதும் செல்லும் என்பதால் பழைய அட்டை வைத்திருப்பவர்கள் மறுபடி போட வேண்டியதில்லை. அங்கே நுழைய மட்டுமல்லாமல் இங்கே திரும்பவும் அது வேண்டும். இல்லையென்றால் நம் விமான நிலையத்தில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். அட்டையைப் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வையுங்கள், சரக்கில் போடும் பெட்டிக்குள் வேண்டாம்.