மோட்டார் இல்லாமல் ஓடும் தண்ணீர்

கேள்வி: என் மகன் ஓமன் நாட்டில் நிஸ்வாவில் வேலை பார்க்கிறான். பேரீச்சந்தோப்புக்குள் ஓடும் வாய்க்காலை வீடியோ காலில் காட்டினான். மழையே அபூர்வம், வற்றாத ஆறும் இல்லை, மோட்டாரும் இல்லை என்கிறான். அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? யார் பங்கு பிரிக்கிறார்கள்? நம் கரிசல் பக்கம் இப்படி வெட்ட முடியுமா?
— ஒரு வாசகி, விளாத்திகுளம்

பதில்: அம்மா, அதற்கு ஃபலஜ் என்று பெயர். ஓமனில் இன்னும் சுமார் 3,000 ஃபலஜ்கள் ஓடுகின்றன. 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஐந்தில் நிஸ்வாவின் தாரிஸ் ஃபலஜும் ஒன்று. சர்வே வேலையாக அந்தப் பக்கம் இருந்தவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மலையில் எப்போதாவது பெய்கிற மழை, அடிவாரத்துச் சரளைக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. அங்கே முதலில் ஒரு கிணறு தோண்டி நீர்மட்டம் பார்ப்பார்கள். அதுதான் தாய்க்கிணறு. தண்ணீர் உறுதி என்று தெரிந்ததும் ஊர்ப் பக்கத்திலிருந்து சுரங்கம் குடைந்துகொண்டே அதை நோக்கிப் போவார்கள். தரையின் சரிவைவிடச் சுரங்கத்தின் சரிவு குறைவு. அதனால் ஊரை நெருங்கும்போது தண்ணீர் தானாகவே தரைமட்டத்துக்கு வந்துவிடும்.

சூட்சுமம் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் என்பதுபோல மிகச் சின்ன இறக்கம். கூடினால் தண்ணீர் மண்ணை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். கருவிகளோடு மட்டம் பார்த்துப் பிழைத்த எனக்கு, அவை எதுவும் இல்லாத காலத்தில் இதைச் சாதித்த அவாமிர் இனத்துச் சுரங்கக்காரர்கள் மேல் அவ்வளவு மரியாதை. வழியில் காட்டாறு குறுக்கிட்டால் தண்ணீரை இந்தக் கரையில் கிணறாக இறக்கி, ஆற்றுக்கு அடியில் கடத்தி, அந்தக் கரையில் மேலேற்றிவிடுவார்கள்!

பங்கீட்டுக்கு வருவோம். தண்ணீர் வெளியே வரும் முதல் இடம் குடிக்க மட்டும். வழிப்போக்கர்கூட மொண்டுகொள்ளலாம். அப்புறம் பள்ளிவாசல், குளிக்கும் இடங்கள், கடைசியில்தான் தோப்பு. தோப்புக்கான பங்கு நேரக் கணக்கு. ஒரு பங்கின் அளவுக்கு அதர் என்று பெயர்; பொதுவாக அரை மணி நேரம். பகலில் நட்ட குச்சியின் நிழல், இரவில் நட்சத்திரம், இதுதான் அந்தக் காலக் கடிகாரம். நான் பார்த்த ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவர் கைக்கடிகாரம் கட்டியிருந்தும் நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் கோட்டைத் தொட்டதும் மடையில் இருந்த கல்லையும் துணிச்சுருளையும் தூக்கி அடுத்த மடையில் அடைத்தார். முறை முடிந்த தோப்புக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. சில பங்குகள் ஃபலஜுக்கே சொந்தம். அவற்றை ஏலம் விட்டு, வருகிற பணத்தில் தூர் வாருவார்கள். கணக்கு வழக்கு வக்கீல் எனப்படும் பொறுப்பாளர் கையில்.

என்னைக் கேட்டால், சுரங்கத்தைவிட இந்த ஏற்பாடுதான் பெரிய சாதனை. சுரங்க மட்டத்துக்கு மேலே ஊறுவது மட்டுமே ஃபலஜில் வரும்; அதற்குக் கீழே இருப்பதைத் தொட முடியாது. ஆழ்துளைக் கிணறு அப்படி நிற்காது. மோட்டார் வந்த இடங்களில் நீர்மட்டம் சுரங்கத்துக்குக் கீழே போய், பல ஃபலஜ்கள் வறண்டுவிட்டன. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

கரிசலில் வெட்ட முடியுமா? முடியாது அம்மா. மழையில் உப்பி வெயிலில் பிளக்கிற மண்ணில் சுரங்கம் நிற்காது. தண்ணீரைத் தேக்கித் தரும் மலையடிச் சரளையும் அங்கே இல்லை. காசர்கோட்டிலும் பீதரிலும் செம்பாறையில் குடைந்திருக்கிறார்கள். பாலாற்று மணலில் ஊறும் நீரை இழுத்துவரும் ஊற்றுக்கால் உண்டு. அதெல்லாம் அந்தந்த மண் கொடுத்த வசதி. உங்கள் மண்ணுக்குக் கண்மாய்தான் சரி. வரத்துக்காலைச் சீமைக்கருவேலம் அடைத்திருந்தால், அதை வெட்டச் சொல்லி அடுத்த கிராமசபையில் மனு கொடுங்கள். மழைக்கு முன்னால் முடிய வேண்டிய வேலை அது.