மேகத்தில் வந்த மேளம்

அன்புள்ள சார்,

ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகாஹாதாவின் ‘இளவரசி ககுயாவின் கதை’ அனிமேஷன் படத்தை நீங்கள் சொல்லித்தான் போன வாரம் பார்த்தேன். மூங்கில் வெட்டும் கிழவருக்கு மூங்கிலுக்குள்ளிருந்து கிடைத்த குழந்தையைக் கடைசியில் நிலவுக்காரர்கள் வந்து கூட்டிப்போகிறார்கள். வளர்த்தவர்கள் கதறுகிறார்கள். அந்த நேரத்தில் கேட்பது துள்ளல் இசை, திருவிழா ஊர்வலம் மாதிரி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது, அதனாலும் இருக்கலாம். படம் முழுக்க அவ்வளவு மென்மையாக இசையமைத்த ஜோ ஹிசாய்ஷிக்கு அந்த இடத்தில் மட்டும் என்ன ஆயிற்று? அந்த மெட்டு மனதை விட்டுப் போகவும் மாட்டேன் என்கிறது.

கே.

அன்புள்ள கே.,

உங்களுக்குக் கோபம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. நீங்கள் அழும்போது தானும் சேர்ந்து அழக்கூடாது என்று முடிவுசெய்தே போடப்பட்ட இசை அது.

அந்த முடிவு தகாஹாதாவுடையது. நிலவில் இருப்பவர்களுக்குக் கவலை கிடையாது, அவர்கள் இசை பிரேசிலின் சாம்பா நடன இசை போலத் துள்ளலாக இருக்கட்டும் என்று அவர் கேட்டபோது ஹிசாய்ஷியே திகைத்துப்போனார். இருவருக்கும் பழக்கம் பழையது. 1984இல் இயக்குநர் மியாசாகியின் ‘நௌசிகா’ படத்துக்குத் தயாரிப்பாளராக இருந்து ஹிசாய்ஷியைக் கொண்டுவந்தவர்களில் தகாஹாதா முக்கியமானவர். ஆனால் இயக்குநரும் இசையமைப்பாளருமாக இருவரும் சேர்ந்தது 2013இல் வந்த இந்த ஒரு படத்தில்தான். பாத்திரத்தின் உணர்ச்சியை இசை எடுத்துச் சொல்ல வேண்டாம் என்பது தகாஹாதாவின் நிபந்தனை. மனதைக் கரைக்கும் மெட்டுகளுக்கே பேர்போன ஒருவரிடம் அப்படிக் கேட்க எவ்வளவு துணிவு வேண்டும்!

அந்தக் காட்சிக்கு ஜப்பானில் ஆயிரம் வருடப் பின்னணி இருக்கிறது. ‘ராய்கோ’ என்று ஒரு வகை ஓவியம். சாகக் கிடப்பவரை அழைத்துப்போக அமிதாப புத்தர் மேகத்தின் மேல் இறங்கி வருவார். கூடவே போதிசத்துவர்கள் யாழ், குழல், மேளம் என்று வாசித்துக்கொண்டு வருவார்கள். உஜி நகரத்தில் பியோதோ-இன் கோயிலின் பீனிக்ஸ் மண்டபம் 1053இல் கட்டியது. அதன் சுவர்களில் மேகத்தில் அமர்ந்த 52 சிறு மரச்சிற்பங்கள், பலவற்றின் கையில் வாத்தியம். அந்தக் காலத்தில் மரணப்படுக்கையில் இருப்பவர் அமிதாபர் உருவத்தின் கையில் கட்டிய ஐந்து நிறக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே கண்ணை மூடுவது உண்டு. அவர் காதில் விழவேண்டும் என்று ஏங்கிய இசை இதுதான். அவருக்கு அது வரவேற்பு.

தகாஹாதா அந்த ஓவியத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: போக மனமில்லாத ஒருத்தியை அழைக்க அந்த ஊர்வலம் வந்தால்?

அந்தக் காட்சியை இன்னொருமுறை பாருங்கள். வீரர்கள் விடும் அம்புகள் பூவாகிவிடுகின்றன. எல்லோரும் தூங்கி விழுகிறார்கள். வந்தவர்கள் யார் மீதும் கோபப்படுவதில்லை, யாரையும் அடிப்பதில்லை. மேளம் தன்பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருக்கிறது. பூமி அழுக்கு என்று அவர்கள் சொல்ல, இல்லை என்று ககுயா பறவை, பூச்சி, விலங்கு, புல், மரம், பூ என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். மனிதர்களின் அன்பு என்று சொல்லும்போது பின்னாலிருந்து பூமியின் நினைவை அழிக்கும் நிலவு ஆடை தோளில் விழுகிறது. வாக்கியம் பாதியில் நிற்கிறது. முகத்தில் ஒன்றுமே இல்லை. சோக இசை அங்கே வந்திருந்தால் நாம் அழுது முடித்து ஆறிப்போயிருப்போம். இந்த இசை ஆற விடுவதில்லை.

தகாஹாதா 1988லேயே இதைச் செய்துபார்த்தவர். ‘மின்மினிகளின் கல்லறை’ படத்தில் சின்னப்பெண் செட்சுகோ பசியில் இறந்த பிறகு, குளத்துக்கு எதிர்க்கரை வீட்டுக்குப் போர் முடிந்து ஆட்கள் திரும்பி வருகிறார்கள். கிராமபோனில் ஒரு தட்டைப் போடுகிறார்கள். வீட்டைப் போல ஓர் இடம் உண்டா என்னும் 1823ஆம் வருடத்து ஆங்கிலப் பாட்டு, அமெலிதா கல்லி-குர்ச்சியின் குரலில். அது தண்ணீரைத் தாண்டி, அந்தக் குழந்தை விளையாடிய இடத்துக்கெல்லாம் போகிறது. அவளுக்காக யாரும் வைத்த பாட்டு இல்லை. எனக்கு அந்தத் தட்டின் கரகரப்பை இன்றும் முழுதாகக் கேட்க முடிவதில்லை.

ஆனால் கே., ககுயாவின் துக்கத்துக்கு இசையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதை உங்கள் கையில் படத்தின் ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். சுழலு சுழலு நீர்ச்சக்கரமே என்று ஊர்ப்பிள்ளைகள் பாடும் பாட்டு. மெட்டு தகாஹாதாவே போட்டது. யாரும் சொல்லித்தராமலேயே ககுயாவுக்கு அதன் மறுபாதி தெரிந்திருக்கிறது. நிலவில் கேட்டது. காத்திருக்கிறாய் எனக் கேட்டால் உடனே திரும்பி வருவேன் என்று அதில் ஒரு வரி வரும். அது ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் அரிவாரா நோ யுகிஹிராவின் வரி. ‘மட்சு’ என்றால் ஜப்பானிய மொழியில் பைன் மரம், காத்திருத்தல் இரண்டும்தான். பிரிந்துபோகிறவர் அந்த ஒரு சொல்லில் மலை மேல் நிற்கும் மரத்தையும் வாசலில் நிற்கும் ஆளையும் சேர்த்து வைத்துவிட்டுப் போகிறார்.

ஊர்வலம் வந்த இரவில் பணிப்பெண் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டு வருகிறாள். அந்த ஆடை விழுமுன் ஒரு நிமிடம் ககுயாவுக்கு நினைவு திரும்புவது அந்தச் சின்னக் குரல்களால்தான். அவ்வளவு பெரிய மேளத்துக்குக் குறுக்கே அவ்வளவு சின்னப் பாட்டு.

படம் முடிந்து எழுத்து ஓடும்போது வரும் பாடல் கசுமி நிகாய்தோ எழுதிப் பாடியது. அவர் ஹிரோஷிமா பக்கத்துக்காரர், அமிதாபரை வணங்கும் ஜோதோ ஷின்ஷு மரபில் துறவி. அந்த மேக ஊர்வலத்தை நம்பும் மரபிலிருந்து வந்தவரே பூமியில் கிடைத்த தொடுகையை மறக்கமாட்டேன் என்று பாடுகிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

மெட்டு மனதை விட்டுப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய ஓர் இடம் சொல்கிறேன். பூமிக்கு வந்து திரும்பிய ஒருத்தியைப் பற்றி ககுயா தன் அம்மாவிடம் சொல்வாள். அந்தப் பெண்ணுக்கும் ஆடை போர்த்தியாகிவிட்டது, பூமியின் நினைவு எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் நிலவில் உட்கார்ந்து அந்த நீர்ச்சக்கரப் பாட்டை முணுமுணுப்பாள், கண்ணீர் வரும், ஏன் என்று அவளுக்கே தெரியாது. அதைப் பார்த்துத்தான் ககுயாவுக்குப் பூமிக்கு வர ஆசையே வந்தது.

உங்கள் அம்மா வேலை செய்துகொண்டே ஏதாவது பாட்டு முணுமுணுப்பாரா? எந்தப் பாட்டு என்று எழுதுங்கள்.