46 பசங்க, 40 நிமிஷம், லேப் கிடையாது: சயின்ஸ் ஆக்டிவிட்டி எப்படி பண்றது?

கேள்வி: அம்பத்தூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஏழாம் கிளாஸுக்கு சயின்ஸ் எடுக்கறேன். கிளாஸ்ல 46 பேர், பீரியடு 40 நிமிஷம், லேப் பிளஸ் ஒன் பிளஸ் டூவுக்கு மட்டும்தான். போன மாசம் ஆப்ப சோடாவும் வினிகரும் ஊத்தி எரிமலை செஞ்சு காட்டினேன், பசங்க கைதட்டி ரசிச்சாங்க, ஆனா மறுநாள் அங்க என்ன நடந்துச்சுன்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. செலவு அதிகம் ஆகாம, பாடமும் மனசுல நிக்கிற மாதிரி என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், எரிமலை மேல தப்பு இல்ல. பசங்க அதுல பாத்தாங்க, அவ்ளோதான், யோசிக்கறதுக்கு அவங்களுக்கு எதுவும் விடல. ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் இருக்கற பசங்களுக்கு எந்த ஆக்டிவிட்டி செஞ்சாலும் முதல்ல "என்ன ஆகும்னு நினைக்கற?"ன்னு கேட்டு நோட்டுல எழுத வெச்சுடுங்க, அதுக்கப்புறம்தான் சாமான் கைக்கு போகணும். எழுதின பதில் தப்பாப் போச்சுன்னா அந்த புள்ள ஏன் ஏன்னு விடாம கேக்கும், அந்த ஏன்தான் மறுநாளும் ஞாபகம் இருக்கும். அதனால ஆக்டிவிட்டி தேடும்போது கலர்ஃபுல்லா இருக்கா வெடிக்குதான்னு பாக்காதீங்க, பசங்களோட யூகம் தோக்கற மாதிரி ஒண்ணா பாத்து எடுங்க.

உங்க எரிமலையையே எடுத்துக்கலாம். நாலு பழைய தண்ணி பாட்டில்ல ஒவ்வொண்ணுலயும் 50 மில்லி வினிகர் ஊத்திக்கோங்க. நாலு பலூன்ல கால், அரை, ஒண்ணு, ரெண்டு டீஸ்பூன்னு ஆப்ப சோடா போட்டு, சோடா கொட்டாம பலூன் வாயை பாட்டில் வாயில மாட்டிக்கோங்க. இப்ப கேளுங்க, எந்த பலூன் பெருசா ஊதும்? பெரும்பாலும் எல்லாரும் ரெண்டு ஸ்பூன்தான் ரொம்பப் பெருசு, ஒரு ஸ்பூனைப் போல ரெண்டு மடங்குன்னு எழுதுவாங்க. பலூனை நிமித்தி சோடாவை உள்ள கொட்டினா காலைவிட அரை பெருசா ஊதும், ஒண்ணு அதவிட பெருசு, ஆனா ரெண்டு ஸ்பூன் பலூன் ஏறக்குறைய ஒரு ஸ்பூன் அளவுலயே நின்னுடும். பாட்டில் அடியில வெள்ளையா சோடா மிச்சம் தங்கியிருக்கும் பாருங்க, அதை அவங்க கையில குடுத்துட்டு "இது ஏன் மிச்சம் ஆச்சு?"ன்னு மட்டும் கேளுங்க, யாராவது ஒரு புள்ள வினிகர் தீந்துடுச்சு மிஸ்னு கண்டிப்பா சொல்லும், அதுக்கப்புறம் நீங்க சோடா மிச்சம் இருக்கற அந்த பாட்டில்ல இன்னும் கொஞ்சம் வினிகர் ஊத்திக் காட்டினா திரும்பவும் நுரைக்கும். வேதி வினைன்னா என்னன்னு போர்டுல எழுதிப்போடறத விட இது எவ்வளவோ மேல்.

அடுத்து மெழுகுவர்த்தி. தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல மெழுகுவர்த்தி ஏத்தி மேல கண்ணாடி பாட்டிலைக் கவுத்தா தீ அணைஞ்சு தண்ணி உள்ள ஏறும், எல்லாருக்கும் தெரிஞ்ச சோதனை. அதுக்கு வழக்கமா சொல்ற விளக்கம், ஆக்ஸிஜன் தீந்துபோச்சு, அது காத்துல அஞ்சுல ஒரு பங்கு, அதனால அந்த இடத்துக்கு தண்ணி வந்துச்சுன்னு. இந்த விளக்கம் தப்பு, இன்னமும் நிறைய கிளாஸ்ல இப்படித்தான் சொல்லித் தர்றாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். மெழுகுவர்த்தி எல்லா ஆக்ஸிஜனையும் எரிச்சு முடிக்கறதே இல்ல, காத்துல 21 சதவீதம் இருக்கற ஆக்ஸிஜன் சுமார் 16க்கு இறங்கும்போதே தீ அணைஞ்சுடும், அதோட எரிஞ்ச ஆக்ஸிஜனுக்கு பதிலா கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும் வேற வருது.

இதை நீங்க சொல்லவே வேண்டாம், பசங்களே கண்டுபிடிக்கட்டும். ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி உயரமா ஒண்ணு எடுத்துக்கோங்க, தீ கண்ணாடில படக்கூடாது, மெழுகுவர்த்தி கட்டை விரல் உயரம் போதும். தண்ணில ஒரு சொட்டு இங்க் விட்டா நல்லா தெரியும். பாட்டிலைக் கவுக்கும்போது பசங்க கண்ணு விளிம்புல இருக்கணும், சூடான காத்து விரிஞ்சு கொஞ்சம் குமிழியா வெளிய போறது அப்பதான் தெரியும். அப்புறம் தண்ணி எப்ப ஏறுதுன்னு பாக்கச் சொல்லுங்க. தீ எரியற வரைக்கும் பெருசா ஏறாது, அணைஞ்சதும்தான் சர்ருன்னு மேல வரும், உள்ள இருக்கற காத்து குளுந்து சுருங்கறதாலதான் அப்படி ஆகுது. ஆக்ஸிஜன் தீந்ததுதான் காரணம்னா எரியும்போதே படிப்படியா ஏறியிருக்கணும் இல்லையா? கடைசியா அதே பாட்டிலை மூணு மெழுகுவர்த்தி மேல கவுத்துங்க. பாட்டிலும் அதே, உள்ள ஆக்ஸிஜனும் அதே, ஆனா தண்ணி இன்னும் அதிகமா ஏறும். அந்த இடத்துல நீங்க பேசாம இருங்க, ரெண்டு நிமிஷம் கிளாஸ் ரகளையா இருக்கும், இருக்கட்டும். உள்பக்கம் கண்ணாடில படிஞ்ச பனி மாதிரி ஈரத்தையும் யாராவது காட்டுவாங்க, அதுதான் நான் சொன்ன நீராவி.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு தொல்லை, ஃபேன் ஆஃப் பண்ணணும். ஏப்ரல் மத்தியான பீரியடுல பண்ணினா பாதி பேருக்கு தலைவலி வந்துடும், காலைல முதல் பீரியடு இல்லன்னா மார்கழி தை மாசம் வெச்சுக்கோங்க. ஒரு பக்கெட் தண்ணியும் ஈரத்துணியும் பக்கத்துல இருக்கணும், பொண்ணுங்க துப்பட்டாவை பின்னாடி கட்டிக்கணும், சானிடைசர் போட்ட கையோட யாரும் தீ கிட்ட வரக்கூடாது, அதுல ஆல்கஹால் இருக்கு. தீப்பெட்டி உங்க கையிலயே இருக்கட்டும்.

செலவே இல்லாம ஒண்ணு வேணும்னா தனி ஊசல். ஹார்டுவேர் கடையில நட்டு வாங்கி நூல்ல கட்டி பெஞ்சு ஓரத்துல தொங்க விடுங்க. நூல் மேல் முனையிலேர்ந்து நட்டு நடு வரைக்கும் 25 சென்டிமீட்டர் இருந்தா 10 முறை போய்ட்டு வர 10 செகண்ட் ஆகும். ஒரு நட்டுக்கு பதிலா மூணு கட்டினா வேகமா ஆடுமான்னு கேளுங்க, ஆமான்னு எழுதுவாங்க, நட்டுங்களோட நடு அதே 25ல இருக்கற மாதிரி கட்டிட்டா நேரம் மாறாது. அப்புறம் 20 செகண்ட் ஆகற மாதிரி பண்ணச் சொல்லுங்க. எல்லா குரூப்பும் நேரா 50 சென்டிமீட்டருக்கு போவாங்க, வர்றது 14 செகண்ட் சொச்சம். ஒரு மீட்டர் வரைக்கும் நீட்டினாதான் 20 வரும், அதுக்கு பெஞ்சு உயரம் பத்தாது, ஜன்னல் கம்பில கட்டிக்கலாம். அவங்களே அலைஞ்சு கண்டுபிடிக்கட்டும், உதவி பண்ணாதீங்க.

சென்னைக்குன்னே ஒண்ணு இருக்கு, தண்ணி. மெட்ரோ வாட்டர், போர் தண்ணி, கேன் தண்ணி, நீங்க மெரினாலேர்ந்து எடுத்துட்டு வந்த கடல் தண்ணி, நாலுலயும் ஒவ்வொரு டீஸ்பூன் தனித்தனி எவர்சில்வர் தட்டுல ஊத்தி மொட்டை மாடில வெயில்ல வைங்க (கடலுக்கு பசங்கள அனுப்பாதீங்க). காஞ்சதும் எது எவ்வளவு வெள்ளையா படிஞ்சிருக்குன்னு பாக்கட்டும். ஒவ்வொருத்தரும் வீட்டுத் தண்ணி கொண்டு வந்தா இன்னும் நல்லது, ஏரியாவுக்கு ஏரியா படிவு மாறும், எங்க வீட்டு பக்கெட்ல வெள்ளையா ஒட்டறது இதுதானான்னு ஒருத்தன் கேப்பான், அங்கேர்ந்து பாடம் தானா ஓடும். கடல் தண்ணில ஒரு லிட்டருக்கு சராசரியா 35 கிராம் உப்பு, மழைக்காலம் முடிஞ்ச கையோட நம்ம கரையில எடுத்தா அதைவிட குறையும். மீஞ்சூர்ல 2010லயும் நெம்மேலில 2013லயும் கடல் தண்ணியை குடிதண்ணியாக்கற பிளாண்ட் வந்துச்சு, ஆரம்பத்துல ஒவ்வொண்ணும் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். இவ்வளவையும் வெயில்ல காய வெச்சு ஆவியைப் பிடிக்க முடியுமான்னு கேட்டா ஆர்.ஓ. (தண்ணியை அழுத்தி சவ்வு வழியா அனுப்பி உப்பைப் பிரிக்கற முறை) ஏன் வேணும்னு அவங்களே வந்து நிப்பாங்க.

முடிஞ்சா ஆகஸ்ட் 18 வாக்குல மத்தியானம் 12.10 கிட்ட பசங்கள கிரவுண்டுக்கு கூட்டிட்டுப் போங்க. சென்னைல அன்னிக்கு சூரியன் நேர் உச்சில வரும், நிமித்தி வெச்ச பாட்டிலுக்கு பக்கத்துல நிழலே விழாது. தினமும் மத்தியானம் இப்படித்தான் ஆகும்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, வருஷத்துல ரெண்டு தடவைதான், இன்னொண்ணு ஏப்ரல் 24 கிட்ட வரும். மேகமா இருந்தா முன்னப் பின்ன ஒரு நாள் பாத்துக்கலாம், பெரிய வித்தியாசம் இருக்காது.

இப்ப 46 பேரை என்ன பண்றது. ஆறு ஆறு பேரா பிரிச்சா எட்டு குரூப், ரெண்டுல மட்டும் அஞ்சு பேர் வரும், ஒவ்வொரு குரூப்லயும் சாமான் எடுத்துட்டு வர ஒருத்தர், செய்ய ரெண்டு பேர், நேரம் பாக்க ஒருத்தர், எழுத ஒருத்தர், கேள்வி கேக்க ஒருத்தர், இந்த வேலை ஒவ்வொரு வாரமும் மாறணும், இல்லன்னா வாய் பேசற ரெண்டு பேரே எல்லாத்தையும் பண்ணிட்டு மத்தவங்க ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு இருப்பாங்க. அஞ்சு பேர் குரூப்ல செய்ய ஒருத்தர் போதும். என்ன செய்யணும்ங்கறத சாமான் குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லி முடிங்க, பலூன் கையில வந்தப்புறம் நீங்க பேசறது ஒண்ணும் காதுல விழாது. யூகம் எழுத 5 நிமிஷம், செய்யறதுக்கு 15, அதுக்கப்புறம் 10 நிமிஷம் சாமான் எல்லாம் உங்க மேஜைக்கு வந்தப்புறம் பேச்சு மட்டும், மிச்சம் சுத்தம் பண்ணவும் எழுதவும். அந்த பேச்சை நேரம் இல்லன்னு வெட்டிடாதீங்க, எல்லா ஸ்கூல்லயும் அதுதான் முதல்ல வெட்டுப்படுது.

எலக்ட்ரிசிட்டி பாடம் வரும்போது எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட்ல எல்இடி, ஒயர், சின்ன மோட்டார் எல்லாம் சல்லிசா வாங்கிக்கலாம், ரெண்டு பென்டார்ச் செல் போதும், சுவர்ல இருக்கற பிளக் பாயிண்ட் பக்கம் யாரையும் விடாதீங்க. காத்தழுத்தத்துக்கு மெடிக்கல் ஷாப்ல ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்குங்க. அடுத்த வாரம் ஊசல்லேர்ந்து ஆரம்பிங்க, அதுல தீ இல்ல, சிந்தற சாமானும் இல்ல, குரூப் வேலை பழகிடும், மெழுகுவர்த்தியை அதுக்கப்புறம் எடுத்துக்கலாம். யூகம் எழுதின நோட்டை திருத்தும்போது தப்பான யூகத்துக்கு மட்டும் சிவப்பு மையில இன்ட்டு போட்டுடாதீங்க.