புகைப்படம் வந்த பிறகும் பழைய அறிவியல் ஓவியங்களை ஏன் ஸ்கேன் செய்து காக்கிறார்கள்?

இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. புகைப்படம் ஒரு குறிப்பிட்ட செடியை அன்று இருந்தபடி, வாடிய இலையோடு சேர்த்துக் காட்டும். தாவர ஓவியரோ பல மாதிரிகளைப் பார்த்து அந்த இனத்துக்கே பொதுவான அமைப்பை வரைவார். மொட்டு, பூ, காய், விதையின் குறுக்குவெட்டு எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். அப்புறம் இன்னொரு முக்கியமான காரணம்: செடிகளுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் பெயரிட்ட சில செடிகளுக்கு, காயவைத்துப் பாதுகாத்த உலர்மாதிரியே கிடையாது, பழைய ஓவியம்தான் அந்தப் பெயருக்கான வகைமாதிரி, அதாவது அந்தப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்பதற்கான ஆதாரம். அப்படிப்பட்ட படத்தை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கவே கூடாது, அது சான்று.

சரி, பழைய புகைப்படங்கள்? 1842-இல் ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த, நீல நிறத்தில் படம் தரும் சயனோடைப் முறையில், தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் 1843 முதல் கடற்பாசிகளை வேதிப்பொருள் பூசிய தாளின்மேல் வைத்து வெயிலில் பதிவு செய்து வெளியிட்டார். கேமராவே இல்லை! அந்த நீலம் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் மூலத்தை அடிக்கடி வெளியே எடுக்க முடியாது. ஸ்கேன் இருந்தால் யார் வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

ஓவியங்களில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கையால் வண்ணம் தீட்டிய அச்சுகளில் பிரதிக்குப் பிரதி நிறம் மாறும். ஒரே ஒரு ஸ்கேனை வைத்துப் பூவின் நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.