புது அட்டை இரண்டு நாள் பிந்தினால் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 27 வயது, உப்புவெளியில் இருக்கிறேன். மருத்துவிச்சி தந்த கருத்தடைக் குளிசையை எட்டு மாதமாக எடுக்கிறேன். கபில நிறக் குளிசைகள் முடிந்த அன்றிரவே கொழும்புக்கு ரயில் ஏறிவிட்டோம், கல்யாண வீடு. புது அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். இரண்டு நாள் பிந்தி நேற்றுத்தான் தொடங்கினேன். நடுவில் எதையும் விடவில்லை, தொடக்கம்தானே, பரவாயில்லையா?

பதில்: பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அட்டையின் தொடக்கத்தில் விடுவதுதான் ஆபத்து கூடியது.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 21 வெள்ளை, 7 கபிலம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரண்டு ஹோர்மோனும் வெள்ளையில்தான் இருக்கின்றன. முட்டை முதிர்ந்து வெளியேறாமல் தடுப்பது அவைதான். கபிலத்தில் இருப்பது வெறும் இரும்புச்சத்து. பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத் தருவது. ஆகவே அந்த ஏழு நாளும் சூலகத்துக்குத் தடை போட ஹோர்மோன் இல்லை. ஏழு நாள் வரை பாதுகாப்பு தாங்கும். உங்களுக்கு அந்த இடைவெளி ஒன்பது நாளாகிவிட்டது. அதற்குள் ஒரு முட்டை வளரத் தொடங்கியிருக்கலாம்.

சரி, இப்போது என்ன செய்வது? குளிசையை நிறுத்த வேண்டாம், நாளுக்கு ஒன்றாகத் தொடருங்கள். விட்ட நாளுக்கும் சேர்த்து இரண்டு மூன்றாக விழுங்கினால் குமட்டல்தான் மிச்சம். தொடங்கிய நாளிலிருந்து ஏழு வெள்ளை தொடர்ந்து உள்ளே போகும்வரை ஆணுறை கட்டாயம். அந்த ஒன்பது நாளிலோ அதன் பிறகோ ஆணுறை இல்லாமல் உறவு நடந்திருந்தால், இதை வாசித்து முடித்ததும் கிளினிக்குக்கோ பார்மசிக்கோ போய் அவசர கருத்தடைக் குளிசை பற்றிக் கேளுங்கள். வழக்கமாகத் தரும் லெவோநோர்ஜெஸ்ட்ரல் குளிசையை உறவு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும்; எவ்வளவு முந்துகிறீர்களோ அவ்வளவு நல்லது.

நடு அட்டையில் ஒன்றே ஒன்று விட்டுப்போனால் பதற்றமே வேண்டாம். நினைவு வந்ததும் போடுங்கள், அன்றைக்கு இரண்டு போட வேண்டி வந்தாலும் பரவாயில்லை. வெள்ளையின் கடைசி வரிசையில் இரண்டோ அதற்கு மேலோ விட்டால் ஏழு நாள் ஆணுறையோடு, கபிலத்தைத் தொடாமல் நேரே அடுத்த அட்டைக்குப் போய்விடுங்கள். கபிலம் விட்டால் எறிந்துவிடலாம்.

கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், குளிசை போட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தாலும் இன்னொன்று போட வேண்டும். காசநோய்க்கான ரிபாம்பிசினும் சில வலிப்பு மருந்துகளும் இந்தக் குளிசையின் வேலையைக் குறைக்கும். எடுப்பவர்கள் மருத்துவிச்சியிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீர்ப் பார்வைக் கோளாறு என்று வந்தால் கிளினிக் நாள் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

இந்த அட்டையின் கபில வரிசையில் இரத்தப்போக்கு வராவிட்டால், அடுத்த அட்டையைப் பிரிக்க முதல் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். அப்புறம், அந்த அட்டை இனி கைப்பையிலேயே இருக்கட்டும்.