கறுப்புக் கோடு ஏன் கரைகிறது? முத்திரைக் கைவேலை: கேள்வி-பதில்

இறப்பர் முத்திரை என்றால் திருகோணமலையில் பலருக்கும் நினைவுக்கு வருவது கந்தோர் மேசையில் கிடக்கும் சீல்தான். பூவும் மயிலும் செதுக்கிய முத்திரையை அட்டையில் குத்தி, நிறம் தீட்டி, வாழ்த்து மடல் செய்கிறவர்கள் இங்கே சின்னக் கூட்டம். கூட்டம் சின்னதென்றாலும் கேள்விகளுக்குக் குறைவில்லை. முதல் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன். மற்றவர்களின் கேள்விகளில் பாதி அதே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன.

ரீச்சர், கறுப்பு ஸ்டாம்ப் பேட்டில் குத்தி, நன்றாகக் காயவிட்டுத்தான் வாட்டர் கலர் தீட்டினேன். கோடெல்லாம் கரைந்து, பொம்மையின் முகமே சாம்பலாகிவிட்டது. பிரஷ் சரியில்லையா? (உப்புவெளி வாசகி)

பிரஷ் பாவம், அதை விட்டுவிடுங்கள். கோளாறு மையில். கந்தோர்களில் பாவிக்கிற பேட்டில் பெரும்பாலும் நீரில் கரையும் சாய மைதான் இருக்கும். காய்ந்துவிட்டது என்று நாம் சொல்வது அதிலிருந்த ஈரம் போனதைத்தான். சாயம் காகிதத்தில் அப்படியே இருக்கும், ஈரப் பிரஷ் பட்டதும் எழுந்து வரும். ஒரு கிழமை காயவிட்டாலும் இதேதான்.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: கோடு எதில் கரையுமோ, அதைக் கொண்டு நிறம் தீட்டாதீர்கள். வாட்டர் கலர் தீட்டுவதென்றால் நீருக்கு அசையாத மை வேண்டும். இதற்கு என் தெரிவு வெர்சாஃபைன். அது எண்ணெய் சேர்ந்த பிக்மென்ட் மை (சாயத்துக்குப் பதிலாகக் கரையாத நிறத்தூள் உள்ளது), மெல்லிய கோட்டையும் கூர்மையாகக் காட்டும். ரேஞ்சர் நிறுவனத்தின் ஆர்க்கைவல் மையும் நீரைத் தாங்கும். அல்ககோலில் கரைத்த மையுள்ள அல்ககோல் மாக்கர் என்றால் கதை வேறு. அதற்கு மெமென்டோ. அது அல்ககோலுக்கு அசையாது, ஆனால் சாய மை என்பதால் வாட்டர் கலருக்கு ஒத்துவராது. ஸ்டேஸ்ஆன் போன்ற கரைப்பான் மைகள் இதற்கு நேர் எதிர். கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் கூட ஒட்டும், நீரைப் பொருட்படுத்தாது, அல்ககோல் மாக்கர் பட்டால் இழுபடும்.

இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் உறவுக்காரப் பிள்ளையின் சாமத்திய வீட்டு அழைப்பிதழில். கரைப்பான் மையில் ஒரே இரவில் 60 மயில் குத்தி முடித்தேன். தண்ணீருக்கே அசையாதது எதற்கும் அசையாது என்ற நினைப்பு. காலையில் முதல் மயிலின் கழுத்தில் நீல மாக்கரை வைத்ததும் கறுப்பு வழிந்து, மயில் காகமாகிவிட்டது. மிச்சம் 59 கிடக்கிறது. கடைசியில் கலர் பென்சில்தான் மானத்தைக் காப்பாற்றியது. பென்சிலில் நீருமில்லை, அல்ககோலுமில்லை. எந்தக் கோட்டின் மேலும் போகலாம்.

ஆகவே புதிய பேட் வாங்கும்வரை நீங்களும் பென்சிலுக்கு மாறலாம். இல்லாவிட்டால் அந்தக் கரைவையே வேலை வாங்குங்கள்: சாய மையில் குத்திய பூவின் கோட்டோரமாக ஈரப் பிரஷை மட்டும் உள்பக்கம் இழுங்கள். நிறமே தொடாமல் நிழல் விழும். முகத்தில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

ஒரேயொரு பிரஷ்தான் வாங்கலாம் என்றால் எதை வாங்குவீர்கள்? (மூதூர்)

6ஆம் இலக்க ரவுண்ட் பிரஷ், செயற்கை மயிர். சின்னப் படத்துக்குச் சின்னப் பிரஷ் என்று எண்ணி மூன்று சைபர் போட்டதை வாங்கிவிடுகிறோம். அதில் தண்ணீர் நிற்காது. எங்கள் வெயிலுக்கு ஒரு இலையின் முனையிலிருந்து அடிக்குப் போகுமுன்னே நிறம் காய்ந்து, கோடு கோடாகத் தெரியும். நல்ல 6இன் வயிறு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், நுனி ஊசிபோலக் குவியும். அகலமாகவும் தீட்டலாம், கண்ணிமையும் போடலாம். ஒரு நிறுவனத்தின் 6 இன்னொன்றின் 8 அளவுக்கு இருக்கும் என்பதால் இலக்கத்தை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பாருங்கள்.

கடையில் கொஞ்சம் தண்ணீர் கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. புதுப் பிரஷின் நுனியைப் பசை போட்டு இறுக்கி வைத்திருப்பார்கள், எல்லாப் பிரஷும் கூர்மையாகத்தான் தெரியும். பசை கரைய நனைத்து, மணிக்கட்டை ஒரு உதறு உதறுங்கள். மயிர் தானாகவே கூராகச் சேர்ந்தால் வாங்கலாம். இரண்டாகப் பிளந்து நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். கொலின்ஸ்கி என்ற சிறு விலங்கின் மயிரில் செய்த பிரஷ் அருமையானது, விலையும் அப்படித்தான். முத்திரைப் படத்துக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

பிடிக்குள் தண்ணீர் நிரப்பும் வாட்டர் பிரஷ் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். டச்சுக் குடாக் கரையில் உட்கார்ந்து தீட்ட நல்லது. அமுக்கினால் குளமாகிவிடும், கையில் ஒரு டிஷ்யூ இருக்கட்டும்.

பிறிஸ்டல் போட்டில் தீட்டினால் அட்டை வளைகிறது, மேல்தோல் சுருண்டு உரிகிறது. நிறம் தரமில்லையா? (தம்பலகாமம்)

நிறத்தில் பிழையில்லை. பிறிஸ்டல் போட் தண்ணீருக்குச் செய்த அட்டை அல்ல. 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) வாட்டர் கலர் காகிதம் ஒரு தாள் வாங்கி, மடல் அளவுக்குத் துண்டு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். படத்தை அதில் தீட்டி வெட்டி, மடலை வழக்கமான பிறிஸ்டல் போட்டிலேயே செய்து அதன்மேல் ஒட்டினால் செலவு குறையும். வாட்டர் கலர் காகிதத்திலும் இரண்டு உண்டு. சொரசொரப்பான கோல்ட் பிரெஸ்ஸில் முத்திரைக் கோடு விட்டுவிட்டு விழும், வழவழப்பான ஹொட் பிரெஸ்ஸில் முழுதாக விழும்.

கையிலுள்ள காசைப் பிரிப்பதென்றால் நான் காகிதத்துக்கு முதலிடம் கொடுப்பேன், பிறகு மை, பிறகு பிரஷ். நிறப் பெட்டி கடைசி. பாடசாலைப் பிள்ளைகளின் 12 நிற வாட்டர் கலர் கூட நல்ல காகிதத்தில் அழகாகத்தான் ஓடும்.

கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான் மாதிரியே ஒரு முத்திரை கிடைத்தது. மாக்கரில் தீட்ட எத்தனை மண்ணிறம் வேண்டும்? புள்ளிகளை எப்படி விடுவது?

மூன்று போதும்: இளசு, நடு, கடுமை. கொப்பிக் மாக்கரில் E33, E35, E37 எடுங்கள். எழுத்து நிறக் குடும்பத்தைச் சொல்கிறது, E என்றால் மண் நிறங்கள். கடைசி இலக்கம் ஏற ஏற நிறம் கடுமையாகும். எழுத்தும் முதல் இலக்கமும் ஒன்றாக இருந்து, கடைசி இலக்கம் இரண்டு இரண்டாக ஏறும் மாக்கர்கள் ஒன்றோடொன்று அழகாகக் கலக்கும். கொப்பிக் ஸ்கெட்ச் வரிசையில் 358 நிறங்கள் உண்டு. அந்த அட்டவணையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், மும்மூன்றாக நாலு குடும்பம் இருந்தால் வருடக்கணக்கில் ஓட்டலாம். மலிவு மாக்கர்களின் இலக்கங்களுக்கு இந்த ஒழுங்கு பொருந்தாது. அவற்றை ஒரு துண்டில் தீட்டிப் பார்த்தே சேர்க்கவேண்டும்.

முதலில் இளசால் உடம்பு முழுவதும். ஈரம் இருக்கும்போதே நடு நிறத்தை முதுகிலும் தொடையிலும் போடுங்கள். கடுமையானது கழுத்தின் அடியிலும் கால் சேரும் இடத்திலும் மட்டும். பிறகு இளசை எடுத்து ஓரங்களைத் தடவினால் எல்லை மறையும். மாக்கரின் பிரஷ் முனையைப் படுக்கவைத்துத் தீட்டுங்கள், குத்தி இழுத்தால் முனை பிய்ந்துவிடும். அடியில் வேண்டாத அட்டை ஒன்றை வையுங்கள், மை மறுபக்கம் ஊறும். வாட்டர் கலர் காகிதம் இங்கே ஆகாது. மையைக் குடித்துத் தீர்த்துவிடும். வழவழப்பான அட்டைதான் சரி.

புள்ளிகளை விட்டுத் தீட்டப் பார்க்காதீர்கள், மாக்கர் மை பரவி மூடிவிடும். எல்லாம் காய்ந்தபின் வெள்ளை ஜெல் பேனாவால் வையுங்கள். கண்டபடி தெளிக்கவும் வேண்டாம். அடுத்தமுறை கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டை வாசல் தாண்டியதும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: புள்ளிகள் முதுகோரமாக வரிசை பிடித்துத்தான் இருக்கும், நடுமுதுகில் கறுத்த பட்டை ஒன்று ஓடும், தொண்டையும் வயிறும் வெள்ளை.

கலர் பென்சிலை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பெயின்ட் மாதிரி வருமாமே?

வரும், வீடு முழுக்க நாற்றமும் வரும். நெருப்புக்கும் பயப்படவேண்டும். பெயின்ட் கரைக்கிற மினரல் ஸ்பிரிட், மணமில்லாதது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பேபி ஒயில், காகிதக் குச்சியின் நுனியில் ஒரு துளி மட்டும். கூடினால் அட்டை வடை சுற்றின காகிதம் போலாகும்.

பெருநாள் மடலுக்குக் கறுப்பு அட்டையில் பொன் நிறப் பிறை குத்தினேன். ஒன்றுமே தெரியவில்லை. எம்போசிங் பவுடரை ஹெயார் டிரையரால் சூடாக்கலாமா, ரீச்சர்? (கிண்ணியா)

சாய மை ஒளி ஊடுருவுவது. கறுப்பு அட்டை அதை விழுங்கிவிடும். கடும் நிற அட்டைக்கு மேலே நிற்கிற பிக்மென்ட் மை வேண்டும், அல்லது நீங்கள் சொன்ன பவுடர்: ஈர மையின்மேல் தூவினால் ஒட்டிக்கொண்டு, சூட்டில் உருகி மேடாக எழுவது. ஹெயார் டிரையர் வேண்டாம். சூடு போதாது, காற்று பலம். பொன்னெல்லாம் மேசையில் கிடக்கும். ஹீட் கன் இல்லையென்றால் ஸ்திரிப்பெட்டியை நன்றாகச் சூடாக்கிக் கவிழ்த்து வைத்து, அட்டையின் பின்பக்கம் அதை நோக்கியிருக்க இடுக்கியால் சற்று மேலே பிடியுங்கள். பவுடர் உருகிப் பளபளவென்று எழும் கணம் தெரியும், உடனே எடுத்துவிடவேண்டும். பவுடர் தூவுமுன் அட்டையை முகப்பவுடர் பூசிய துணியால் ஒற்றியெடுத்தால் வேண்டாத இடத்தில் பொன் ஒட்டாது.

வெள்ளைக் காகிதத்தில் இதே வேலையைக் கறுப்புப் பவுடரில் செய்தால் கோடு வரம்பு போல் எழுந்து நிற்கும். வாட்டர் கலர் அதைத் தாண்டாது. கைநடுக்கம் உள்ளவர்களுக்கும் நல்ல வழி.

ஏழு வயது மகளுக்கு எதை வாங்கிக் கொடுக்கலாம்?

நீர் கலந்த ஃபெல்ட் பேனா ஒரு பெட்டி. காகிதத்தில் தீட்ட அல்ல, முத்திரையிலேயே தீட்ட. பூவுக்குச் சிவப்பு, தண்டுக்குப் பச்சை என்று இறப்பரின் மேலேயே பூசி, வாயருகே வைத்து “ஹா” என்று ஒருதரம் மூச்சுவிட்டு அட்டையில் அமர்த்தச் சொல்லுங்கள். மூச்சின் ஈரத்தில் காய்ந்த மை மறுபடி விழித்துக்கொள்ளும், பல நிறத்தில் பூ விழும். இதற்குச் சிவப்பு இறப்பர் முத்திரை நல்லது. கண்ணாடிபோல் இருக்கும் பாலிமரில் மை முத்து முத்தாக ஒதுங்கும். அல்ககோல் மாக்கர் அவளுக்கு இப்போது வேண்டாம், மணமும் விலையும் பெரிய ஆட்களுக்கே அதிகம்.

துணிப் பைகளில் மீன் முத்திரை குத்தி நிலாவெளியில் விற்கிறோம். தோய்த்தால் போய்விடுகிறது.

காகித மை துணிக்கு நிற்காது. வெர்சாகிராஃப்ட் போன்ற துணி மை வாங்கி, குத்திக் காய்ந்தபின் ஸ்திரி போடுங்கள். சூடுதான் நிறத்தை இறுக்கும். புதுத் துணியை முதலே ஒருதரம் தோய்த்துக் கஞ்சியைப் போக்கவேண்டும். அக்ரிலிக் பெயின்டை ஸ்பொஞ்சால் ஒற்றியும் செய்யலாம், ஆனால் முத்திரையை அந்த நிமிடமே கழுவுங்கள். காய்ந்துவிட்டால் கோட்டுப் பள்ளங்கள் அடைபட்டுப் போகும்.

கச்சான் காற்றுக் காலத்தில் பேட் காய்கிறது, மாரியில் பிரஷில் பூஞ்சணம். எப்படி வைத்திருப்பது?

பேட்டை இறுக்கமான மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். சாய மைப் பேட்டைக் கவிழ்த்து வைத்தால் மை மேல்பக்கம் நிற்கும். இரட்டை முனை மாக்கரைப் படுக்கவைக்கவேண்டும், நிறுத்தினால் ஒரு முனை காயும், மற்றது ஒழுகும்.

பிரஷைச் சவர்க்காரத்தில் கழுவி, நுனியை விரலால் கூராக்கி, துவாயின் மேல் படுக்கப் போடுங்கள். ஈரத்தோடு நிறுத்தினால் தண்ணீர் தகரப் பிடிக்குள் இறங்கி, மயிர் கழன்று வரும். மாரியில் இரண்டு நாளாவது காற்றாட விட்ட பிறகே பெட்டிக்குள் வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கிறதல்லவா, அதை எறியாமல் பிரஷ் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். பேட் பெட்டிக்குள் மட்டும் போடாதீர்கள், என் வீட்டில் ஒருதரம் போட்டு நல்ல பச்சை ஒன்று காய்ந்து போனது.