அபார்ட்மென்ட்டுக்கு கார்பன் கிரெடிட் காசு வருமா?

கேள்வி: எங்க அபார்ட்மென்ட்ல காரிடார், பார்க்கிங் லைட்டெல்லாம் எல்இடி ஆக்கிட்டு பழைய தண்ணி மோட்டாரையும் மாத்தப்போறோம். வருஷம் 20,000 யூனிட் மிச்சமாகுமாம். இதை கார்பன் கிரெடிட்டா வெளிநாட்டுல வித்துத் தர்றேன்னு ஒருத்தர் முன்பணம் கேக்கறார், குடுக்கலாமா?
- சங்கச் செயலாளர், சென்னை

பதில்: குடுத்துடாதீங்க சார். நம்ம நாட்டு கிரிட்ல ஒரு யூனிட் கரண்ட் தயாரிக்க சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருதுன்னா உங்க 20,000 யூனிட்டுக்கு 14 டன், குறைக்கிற ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட், அதாவது வேற ஒருத்தர் தன் புகைக்கு ஈடா வாங்கிக்கிற சான்று, 5 டாலர்னு தாராளமாவே வச்சாலும் மொத்தம் 70 டாலர்தான், அதை சரிபார்க்க வர்ற ஆடிட்டர் ஃபீஸுக்கே பத்தாது. இன்னொரு சிக்கலும் இருக்கு, கிரெடிட் காசு வராட்டி இந்த வேலையே நடந்திருக்காதுன்னு நீங்க நிரூபிக்கணும், எல்இடி இப்ப விக்கிற விலைக்கு அதை யார் ஒத்துக்குவாங்க? கரண்ட் பில்லைப் பாருங்க, யூனிட் 8 ரூபாய்னாலே வருஷம் 1,60,000 மிச்சம். தாராளமா மாத்துங்க, கிரெடிட் கதையை விட்டுடுங்க.

கேள்வி: 2010 வாக்குல எங்க ஊர்ல குண்டு பல்பை வாங்கிக்கிட்டு 15 ரூபாய்க்கு சிஎஃப்எல் குடுத்தாங்களே, அதுவும் கார்பன் காசுதானாமே?
- வாசகி, பாலக்காடு

பதில்: ஆமாம்மா, பச்சத் லாம்ப் யோஜனா. புவி வெப்பமாறதைத் தடுக்க நாடுங்க போட்ட கியோட்டோ ஒப்பந்தத்துல சிடிஎம்னு ஒரு ஏற்பாடு இருந்துது, வளரும் நாட்டுல குறைக்கிற புகையை பணக்கார நாடு காசு குடுத்து தன் கணக்குல சேர்த்துக்கலாம்னு. 60 வாட் பல்புக்கு பதிலா 14 வாட் சிஎஃப்எல், தினம் நாலு மணி நேரம் எரிஞ்சா வருஷத்துக்கு 67 யூனிட் மிச்சம், அதாவது சுமார் 47 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒரு டன் சேர்க்கவே இருபதுக்கு மேல பல்பு வேணும். அதனாலதான் வீடு வீடா இல்லாம மின்வாரிய ஏரியா ஏரியாவா சேர்த்து, சாம்பிளுக்கு சில வீட்ல மட்டும் மீட்டர் வச்சாங்க. பல்புக்கு உண்டான மிச்சக் காசை முதலீட்டாளர் போட்டுட்டு கிரெடிட் வித்து எடுத்துக்கணும், இதான் டீல். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஆனா 2008ல 20 யூரோவைத் தாண்டியிருந்த கிரெடிட் 2012 கடைசியில ஒரு யூரோவுக்கும் கீழ போயிடுச்சு, அப்புறம் யார் முதல் போடுவா? 40 கோடி பல்புன்னு கனவு கண்டாங்க, 3 கோடிகிட்ட வந்து நின்னுது. 2015ல எல்இடிக்குன்னு வந்த அரசாங்கத்தோட உஜாலா திட்டம் கிரெடிட்டை நம்பாம மொத்தக் கொள்முதல்ல விலையை இறக்கி ஜெயிச்சுது.

கேள்வி: ஏழைங்க வீட்டுக்கு இது உதவின இடம் எதாவது உண்டா?
- மாணவர், திருச்சி

பதில்: உண்டு தம்பி. தென்னாப்பிரிக்காவுல கேப்டவுன் பக்கம் கயலிட்ஷாவுல குயாசான்னு ஒரு குடியிருப்பு, 2005ல சிடிஎம் திட்டமா பதிவாச்சு, 2,300 சின்ன வீட்டுக்கு சோலார் வாட்டர் ஹீட்டர், கூரைக்கு அடியில சீலிங், சிஎஃப்எல். எனக்குப் பிடிச்சது என்னன்னா, அந்த ஜனங்க வசதி இல்லாமதான் கம்மியா எரிக்கிறாங்க, வசதி வந்தா எவ்வளவு எரிப்பாங்களோ அதை வச்சே மிச்சத்தைக் கணக்கு போட்டாங்க, இல்லாட்டி ஏழைக்கு கிரெடிட்டே தேறாது. அங்கயும் கிரெடிட் காசு மட்டும் போதல, பெரும்பகுதி அரசாங்க மானியம்தான்.